அணு நுழையவில்லை, காந்தம் நுழைந்தது!

நசரத்பேட்டையில் பொறியியல் மாணவர்களுக்கு இயற்பியல் எடுக்கிறேன். இப்போதெல்லாம் யாரைப் பார்த்தாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடிவதில்லை: காந்தமே இல்லாத ஒரு பொருளை, அதில் ஒரு காந்த அணுவைக்கூடக் கலக்காமல் காந்தமாக்கலாம்! மின்சாரம் கடத்தாத காந்தப் பொருள் ஒன்றை அதன்மேல் மெல்லிய படலமாகப் படியவைத்தால் போதும். பூவோடு சேர்ந்த நாரும் மணக்கிற கதைதான்.

குரோமியத்தையோ மாங்கனீசையோ உள்ளே கலந்தாலும் காந்தம் வரும். ஆனால் அந்த அணுக்கள் தாறுமாறாக உட்கார்ந்து எலக்ட்ரான்களின் ஓட்டத்தைக் கெடுக்கும். படலமோ வெளியிலேயே நிற்கும். மின்னோட்டமும் அதற்குள் போகாது. என்ன அழகான யோசனை!

எனக்கு உயிரான ஆய்வு 2016-ல் நேச்சர் இதழில் வந்தது. அமெரிக்காவின் எம்ஐடியில் இருக்கும் ஜகதீஷ் மூதேரா அதில் முக்கியமானவர். நம்ம ஐஐடி மெட்ராஸில் முனைவர் பட்டம் வாங்கியவர். பிஸ்மத் செலினைடு என்ற டோபாலஜிகல் இன்சுலேட்டர் (உள்ளே மின்சாரம் கடத்தாமல் மேற்பரப்பில் மட்டும் கடத்தும் பொருள்), அதன்மேல் யூரோப்பியம் சல்பைடு. தனியாக இருந்தால் மைனஸ் 256 டிகிரிக்கு மேலே காந்தத்தை இழந்துவிடும் சல்பைடு அது. இரண்டும் தொடும் இடத்திலோ, அறை வெப்பநிலையிலும் காந்தம் தெரிந்தது!

இதைக் கரும்பலகையில் வரைந்துகொண்டிருந்தபோது ஒரு மாணவி கேட்டாள்: "யூரோப்பியமே உள்ளே கசிந்திருக்கலாமே சார்?" அருமையான கேள்வி! விடை நியூட்ரானில் இருக்கிறது. நியூட்ரானும் ஒரு குட்டிக் காந்தம். அதன் ஸ்பின்னை மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் மாற்றி மாற்றிப் படலத்தில் மோதவிட்டால், தெறித்து வரும் இரண்டு கோடுகளின் வித்தியாசம் எந்த ஆழத்தில் காந்தம் இருக்கிறது என்று காட்டிவிடும். யூரோப்பியம் நியூட்ரானை விழுங்கித் தள்ளுகிற தனிமம். எங்கே விழுங்கப்படுகிறதோ அங்கேதான் அது இருக்கிறது. விழுங்குவது எல்லையோடு நின்றுவிட்டது. காந்தம் மட்டும் சுமார் 2 நானோமீட்டர் உள்ளே போயிருந்தது. வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது!

2020-ல் எக்ஸ் கதிர்களால் தேடிய வேறொரு குழு, உள்ளே நுழைந்த காந்தம் எதுவும் அகப்படவில்லை என்றது. எனக்கு ஆர்வம் இன்னும் கூடித்தான் போனது.

ஏனென்றால் இதே உத்திக்கு அடுத்த களம் அரை உலோகங்கள். காட்மியம் ஆர்சனைடு போன்ற டிராக் அரை உலோகத்துக்குள் காந்தம் நுழைந்தால், எலக்ட்ரான்களின் ஆற்றல் பட்டைகள் தொட்டுக்கொள்ளும் டிராக் புள்ளி இரண்டு வெய்ல் புள்ளிகளாகப் பிரியும் என்கிறது கோட்பாடு. 1929-ல் ஹெர்மன் வெய்ல் எழுதிய சமன்பாட்டை ஒரு படலத்தை வைத்தே வரவழைக்கலாம் என்றால் சும்மாவா! ஒட்டவைத்த காந்தம் மின்னோட்டத்தையே ஆட்டிவைக்கும் என்பதற்கு, டங்ஸ்டன் டெல்லூரைடின் ஒற்றை அடுக்கைக் குரோமியம் அயோடைடோடு ஒட்டவைத்து 2020-ல் செய்துகாட்டியதைப் பாருங்கள்: அயோடைடின் காந்தத் திசையைத் திருப்பினால், டெல்லூரைடின் ஓரத்தில் மின்னோட்டம் எந்தப் பக்கம் சுலபமாக ஓடுகிறது என்பதே மாறிவிடுகிறது!