நிண்டெண்டோ வீ: முதல் சில வாரங்களின் குறிப்புகள்

நிண்டெண்டோவின் வீ அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது 2006 நவம்பர் 19-ல். அதற்கு இரண்டே நாள் முன்னால்தான் சோனியின் ப்ளேஸ்டேஷன் 3 வந்திருந்தது. வீயின் விலை அப்போது 250 டாலர். ப்ளேஸ்டேஷன் 3, வகையைப் பொறுத்து 500 அல்லது 600 டாலராக இருந்தது. சில வாரங்கள் ஆடிப் பார்த்ததில் தோன்றியவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். முதல் நாள் உற்சாகம் வடிந்த பிறகு எழுதுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது.

படத்தின் அழகில் வீ போட்டிக்கே வரவில்லை. ப்ளேஸ்டேஷன் 3-உம் எக்ஸ்பாக்ஸ் 360-உம் ஹெச்டி டிவிக்கென்றே செய்யப்பட்டவை. வீ 480 வரிகளோடு நின்றுவிடுகிறது. உள்ளே இருப்பது கிட்டத்தட்ட பழைய கேம்க்யூபின் அண்ணன். கேம்க்யூப் வட்டுகளை அப்படியே போட்டு ஆடலாம். நிண்டெண்டோ தன் பணத்தையும் மானத்தையும் வைத்திருப்பது ரிமோட்டின் மேல். டிவி ரிமோட் மாதிரியே ஒரு வெள்ளைக் குச்சி, அதற்குள் இரண்டு பென்சில் பேட்டரி. இடது கைக்கு நன்சக் என்று ஒரு குமிழ், ஒயரால் ரிமோட்டோடு இணைந்தது. பொத்தானை அமுக்குவதற்குப் பதில் கையை வீசி ஆட வேண்டும். அதான் விஷயம்.

கூடவே இலவசமாக வந்த வீ ஸ்போர்ட்ஸைப் போட்டு டென்னிஸ் ஆடினால், முதல் பத்து நிமிடம் இந்தப் பெட்டி நம் கையை அப்படியே பார்க்கிறது என்று நம்பிவிடுவோம். உண்மையில் அது பார்ப்பது ரொம்பக் கொஞ்சம்.

ரிமோட்டுக்குள் ஒரு முடுக்கமானி இருக்கிறது. விபத்தின்போது காரின் ஏர்பேக்கை விரியச் சொல்லும் சில்லுக்குச் சொந்தக்காரன். ரிமோட் அசையாமல் இருந்தால் அதில் புவியீர்ப்பு மட்டும் பதிவாகும். அதை வைத்து ரிமோட் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். வேகமாக வீசும்போது கை தரும் முடுக்கமும் புவியீர்ப்பும் ஒன்றாகக் கலந்துவிடும். எது எவ்வளவு என்று அந்தச் சில்லை மட்டும் வைத்துக்கொண்டு சரியாகப் பிரிக்க முடியாது. கை அறையில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் அதற்குத் தெரியாது.

இன்னொன்று, டிவிக்கு மேலே வைக்கச் சொல்லும் ‘சென்சார் பார்’. பெயர்தான் சென்சார். அது எதையும் உணர்வதில்லை. இரண்டு முனையிலும் அகச்சிவப்பு விளக்குகள், அவ்வளவுதான். அந்த இரண்டு ஒளிப்புள்ளிகளைப் பார்ப்பது ரிமோட்டின் மூக்கில் இருக்கும் சின்ன கேமரா. பாருக்குப் பதில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தாலும் வேலை நடக்கும். (முயற்சி செய்கிறவர்கள் திரைச்சீலையை ஒதுக்கிவிட்டுச் செய்யவும்.) டிவியில் ஓர் இடத்தைச் சுட்டிக்காட்ட இந்த ஏற்பாடு அருமையாக உதவுகிறது. ஆனால் ரிமோட் டிவியை நோக்கி இருக்கும்வரைதான் கேமராவால் பிரயோஜனம். டென்னிஸ் மட்டையை ஓங்கும்போது அது கூரையைப் பார்க்கும், சுவரைப் பார்க்கும்.

ஆகவே சோபாவில் சாய்ந்துகொண்டு மணிக்கட்டை மட்டும் சொடுக்கினாலும் டென்னிஸ் பந்து சீறிக்கொண்டு போகிறது. திரையில் இருக்கும் ஆள் தானே ஓடிப் பந்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்கிறான். நம் வேலை சரியான நேரத்தில் வீசுவது. சீக்கிரம் வீசினால் பந்து ஒரு பக்கம், தாமதித்தால் மறுபக்கம்.

அப்படியானால் எல்லாம் பம்மாத்தா? அப்படிச் சொல்லிவிட்டுப் போவது சுலபம். என் பார்வையில், இயந்திரம் எவ்வளவு துல்லியமாக அளக்கிறது என்பது இரண்டாவது கேள்வி. நம் அசைவு ஆட்டத்துக்கு என்ன சேதி சொல்கிறது என்பதுதான் முதல் கேள்வி. அசைவில் நேரம், வேகம், கோணம் என்று ஏதாவது ஒன்று இருந்து, அது ஆட்டத்தின் போக்கை மாற்றினால் அந்த அசைவுக்கு அர்த்தம் உண்டு. வெறும் ‘ஆம்’ மட்டும் சொன்னால் அது பொத்தான். அதுவும் கையை வலிக்கச் செய்கிற பொத்தான்.

வீ ஸ்போர்ட்ஸின் ஐந்து ஆட்டங்களையே இந்தத் தராசில் வைக்கலாம். பௌலிங் முதலிடம். கையைப் பின்னால் கொண்டுபோய் முன்னால் வீசி, பொத்தானை விட்டால் பந்து உருள்கிறது. மணிக்கட்டைத் திருப்பினால் பந்து வளைந்து போகிறது. வீச்சின் வேகம், விடும் நேரம், திருப்பம் மூன்றும் சேதி சொல்கின்றன. டென்னிஸில் நேரம் மட்டும்தான் முக்கியமாகப் பேசுகிறது, ஆனால் தெளிவாகப் பேசுகிறது. கோல்ஃபில் நீண்ட அடி சுகம், குழிக்குப் பக்கத்தில் மெல்லத் தட்டுவது பெரும்பாடு. பேஸ்பால் சுமார். குத்துச்சண்டைதான் மோசம். நாம் இரண்டு குத்து விட்டால் திரையில் ஒன்று விழுகிறது, அதுவும் கொஞ்சம் பொறுத்து. அங்கே சேதி போய்ச் சேரவில்லை, வியர்வை மட்டும் மிச்சம்.

கூடவே வந்த பெரிய ஆட்டம் ‘லெஜண்ட் ஆஃப் ஸெல்டா: ட்வைலைட் பிரின்சஸ்’. கேம்க்யூபுக்காகத் தொடங்கி வீக்கும் கொண்டுவந்தது. நாயகன் லிங்க் இடக்கைக்காரன். வீயில் பெரும்பாலானோர் ரிமோட்டை வலது கையில்தான் பிடிப்பார்கள் என்பதால், மொத்த உலகத்தையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலமாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். கேம்க்யூபில் கிழக்கே இருக்கும் ஊர் வீயில் மேற்கே இருக்கிறது. ஆடுகிறவரின் கைக்கு இவ்வளவு மரியாதை கொடுத்தவர்கள், வாள் வீச்சில் கோட்டைவிட்டது ஆச்சரியம். ரிமோட்டை எப்படி ஆட்டினாலும் லிங்க் தன் இஷ்டத்துக்குத்தான் வெட்டுகிறான். அரை மணி நேரத்தில் வீச்சு வெறும் உதறலாகிவிடுகிறது. அதே ஆட்டத்தில் அம்பு விடும்போது ரிமோட்டால் குறி பார்ப்பது அபாரம். இரண்டுக்கும் ஒரே கருவிதான். அம்பில் அசைவு சேதி சொல்கிறது, வாளில் சொல்லவில்லை. யூபிசாஃப்டின் ‘ரெட் ஸ்டீல்’ வாளை நம்பியே விளம்பரமானது. அதிலும் நாம் வீசிய பிறகு முன்கூட்டியே தயார்செய்த வெட்டு ஒன்று ஓடுகிறது.

அளப்பதில் மட்டும் ஜெயித்தால் போதாது என்பதற்குப் பழைய சாட்சியும் இருக்கிறது. 1989-ல் நிண்டெண்டோவின் பழைய என்இஎஸ் பெட்டிக்காக அமெரிக்காவில் மேட்டல் விற்ற ‘பவர் க்ளவ்’ என்ற கையுறை, விரல் மடங்குவதையும் கை இருக்கும் இடத்தையும் அளக்க முயன்றது. அதற்கென்றே எழுதப்பட்ட ஆட்டங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. பொத்தானுக்கு எழுதிய ஆட்டங்களைக் கையுறையால் ஆடிப் பார்த்து ஜனங்கள் வெறுத்துப்போனார்கள். கருவியோடு அதற்கேற்ற ஆட்டமும் பிறக்க வேண்டும். வீயோடு வீ ஸ்போர்ட்ஸைச் சேர்த்தே கொடுத்தது அதனால் புத்திசாலித்தனம். ஜப்பானில் அதைத் தனியாகத்தான் விற்றார்கள்.

அந்த மணிக்கட்டுக் கயிறு சமாசாரம் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். வேகமாக வீசியதில் கயிறு அறுந்து ரிமோட் பறந்ததாகச் செய்திகள் வரவே, டிசம்பரில் நிண்டெண்டோ கெட்டியான கயிறுகளை இலவசமாக மாற்றித் தர முன்வந்தது. மொத்தம் 32 லட்சம். இதைத் தயாரிப்புக் கோளாறு என்று சிரித்துவிட்டுப் போகலாம். எனக்கு அது வேறொன்றையும் சொல்கிறது. மணிக்கட்டைச் சொடுக்கினால் போதும் என்கிற இயந்திரத்தின் முன்னால், ஜனங்கள் தோளிலிருந்து முழுக் கையையும் வீசியிருக்கிறார்கள். கேட்டதைவிட அதிகம் கொடுத்திருக்கிறார்கள். சொப்பு வைத்துச் சமைக்கும் குழந்தைக்கு மண் சோறாகாது என்று தெரியும். தெரிந்தும் ஊதித்தான் தின்னும். வீ ஸ்போர்ட்ஸ் பெரியவர்களை அப்படி ஊத வைத்திருக்கிறது.

இதில் லாபம் யாருக்கு? இன்றைய சாதாரண கன்ட்ரோலரில் இரண்டு குச்சி, பத்துக்கு மேல் பொத்தான். பழகாதவர் கையில் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் திருப்பித் தந்துவிடுவார். பௌலிங் பந்தை எப்படி உருட்டுவது என்று யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். இருபது வருடமாக ‘இது உனக்கில்லை’ என்று சொல்லிவந்த ஒரு பொழுதுபோக்கு, முதல்முறையாக ‘வா, நீயும் ஆடு’ என்கிறது. இதைச் சின்ன விஷயமென்று நான் நினைக்கவில்லை.

ஆனால் அழைத்துவிட்டு என்ன பரிமாறப் போகிறார்கள்? சோபாவில் உட்கார்ந்தே ஜெயிக்கலாம் என்று தெரிந்த பிறகும் எழுந்து நின்று ஆட வைக்கிற ஆட்டம் இப்போதைக்கு பௌலிங் ஒன்றுதான் என்பேன், அரைவாசி டென்னிஸையும் சேர்த்துக்கொள்ளலாம். மற்ற கம்பெனிகள் பழைய ஆட்டத்தில் ஒரு பொத்தானை எடுத்துவிட்டு அங்கே ஓர் உதறலை வைத்துக் கொடுத்தால், வரும் கிறிஸ்துமஸுக்குள் ரிமோட் தூசி படிந்து கிடக்கும். அடுத்த ஆட்டத்தை வாங்குமுன் நான் பார்க்கப்போவது ஒன்றே ஒன்று: மெதுவாக வீசினாலும் வேகமாக வீசினாலும் திரையில் ஒரே மாதிரி நடக்கிறதென்றால், அதைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிடுவேன்.