விட்னியின் மொழியியலில் வழக்கும் இலக்கணமும்

19ஆம் நூற்றாண்டு அமெரிக்க மொழியறிஞருள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் வில்லியம் டுவைட் விட்னி (1827-1894). மொழி பற்றி அவர் வகுத்த கொள்கைக்கும், இந்திய இலக்கண மரபைப் பற்றி அவர் வழங்கிய தீர்ப்புக்கும் இடையே ஒரு முரண் உண்டு. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்த விட்னி, கல்லூரிப் படிப்பை முடித்தபின் வங்கியொன்றில் பணியாற்றினார். நிலவியல் அறிஞரான தமையனிடம் இருந்த பாப்பின் வடமொழி இலக்கணமே அவரை இத்துறைக்கு ஈர்த்தது. 1849இல் சுப்பீரியர் ஏரிப் பகுதியின் நில அளவைப் பணியிலிருந்தபோதும் அவர் அதனைக் கைவிடவில்லை. பின்னர் ஜெர்மனியில் வெபர், ரோத் ஆகியோரிடம் பயின்று, யேல் பல்கலைக்கழகத்தில் வடமொழிப் பேராசிரியரானார். ரோத்துடன் இணைந்து அதர்வவேதத்தைப் பதிப்பித்ததும், 1879இல் வடமொழி இலக்கணத்தை வெளியிட்டதும் அவருடைய பெரும் பணிகளாகும்.

மொழி இயற்கையாய் முளைத்த உயிரன்று. ஒரு சமுதாயம் தன் உடன்பாட்டால் பேணிவரும் நிறுவனம் என்பது விட்னியின் அடிப்படைக் கொள்கை. மாக்ஸ் முல்லருடன் அவர் நெடுங்காலம் வாதிட்டதும் இதன்பொருட்டேயாம். சசூர் இக்கருத்தைப் பாராட்டினார். எனினும் விட்னி அதனை முடிவுவரை கொண்டு செல்லவில்லை எனவும் கருதினார்.

இக்குறை, இந்திய இலக்கணிகளை விட்னி மதிப்பிட்ட இடத்திலும் வெளிப்படுகின்றது. பாணினியத்தோடு இணைந்து வழங்கும் தாதுபாடம் ஏறத்தாழ 2000 வேர்களைத் தருகின்றது. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை நூல்களில் காணப்படாமையால், அவை இலக்கணிகளின் புனைவே என்று அவர் 1884இல் வாதிட்டார். சான்றின்றி எதனையும் ஏற்கலாகாது என்னும் அவருடைய நெறி போற்றத்தக்கதே. ஆயின், பேசுவோரின் உடன்பாடே மொழி என்று கூறியவர், எழுத்தில் எஞ்சியதை மட்டுமே சான்றாகக் கொண்டது பொருந்துமா? பாணினி தம் காலப் பேச்சுவழக்கையும் விளக்கியவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

விட்னி மறைந்த 1894ஆம் ஆண்டிலேயே பியூலர் இதற்கு மறுப்பு எழுதினார். வடமொழி நூல்களில் காணப்படாத வேர்கள் பல, பாலி, பிராகிருதம், பிற்கால வட இந்திய மொழிகள் ஆகியவற்றில் வாழ்வதை அவர் எடுத்துக்காட்டினார். எல்லா வேர்களுக்கும் இவ்வாறு சான்று கிட்டிவிடவில்லை. ஆயினும், நூலில் இல்லாமை வழக்கில் இல்லாமை ஆகாது என்பது இதனால் உறுதியாயிற்று.

இது வடமொழியாளர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. தொல்காப்பியம் உலக வழக்கையும் செய்யுள் வழக்கையும் ஒருங்கே அடிப்படையாகக் கொண்டது என்பதைப் பாயிரம் உணர்த்தும். எனினும், மாணவர் எழுதும் சொல்லொன்று அகராதியில் அப்பொருளில் இல்லையெனின் அதனைப் பிழையெனத் திருத்த முற்படுகின்றோம். மலேசியத் தமிழர் காலையுணவு உண்பதைப் 'பசியாறுதல்' என்று வழங்குவதை எண்ணிப் பார்க்கலாம். அச்சொல்லை நாம் பிழை என்போமாயின், விட்னியின் கொள்கையை விடுத்து அவருடைய தவற்றையே பின்பற்றியவராவோம். சான்று தேடும் விழிப்பை அவரிடம் கற்போம்; அச்சான்றை மக்கள் நாவிலும் தேடுவோம்.