‘அந்த நாள்’: துப்பறியும் படத்தின் தமிழ் முகம்

ஹாலிவுட் பேசத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே கொலை மர்மப் படங்களுக்கு ஓர் இலக்கணம் உருவாகிவிட்டது. ‘தி கென்னல் மர்டர் கேஸ்’ (1933), ‘தி தின் மேன்’ (1934) போன்ற படங்களில் அதைக் காணலாம். ஒரு பிணம், பலருக்குக் காரணம், விடாமல் கேள்வி கேட்கும் ஒரு துப்பறிவாளர், கடைசியில் சந்தேகத்துக்குரியவர்கள் கூடியிருக்க உண்மை வெளிவருதல். ‘தி தின் மேன்’ படத்தில் துப்பறிவாளர் எல்லோரையும் விருந்துக்கே அழைத்துவிடுகிறார்!

இந்த இலக்கணத்துக்கு நம் மொழியில் அமைந்த சிறந்த உதாரணம், எஸ். பாலச்சந்தர் இயக்கி ஏவி.எம். தயாரித்து 1954 ஏப்ரலில் வெளிவந்த ‘அந்த நாள்’. பாட்டு கிடையாது, நடனம் கிடையாது, சண்டையும் கிடையாது. போதாததற்குக் கதாநாயகன் சிவாஜி கணேசன் முதல் காட்சியிலேயே சுடப்பட்டு விழுகிறார்! வெளியானபோது வசூல் கைகொடுக்கவில்லை என்பதில் வியப்பில்லை.

1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசியதை அடுத்து நடக்கும் கதை இது. ரேடியோ என்ஜினீயர் ராஜன் தன் வீட்டில் கொலையாகிறான். மனைவி, தம்பி, தம்பி மனைவி, காதலி, அக்கம்பக்கத்துப் பெரியவர் என்று சந்தேகம் சுற்றுகிறது. சி.ஐ.டி. அதிகாரியாக வந்து விசாரிக்கும் ஜாவர் சீதாராமன்தான் வசனமும் எழுதியவர்.

“இது ‘ரஷோமான்’ படத்தின் காப்பிதானே?” என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். குரோசாவாவின் அந்த 1950ஆம் ஆண்டுப் படம் பாலச்சந்தருக்குத் தூண்டுகோல் என்பது உண்மை. ஆனால் அதில் கொள்ளைக்காரன், மனைவி, இறந்த கணவன் மூவருமே ஏறக்குறைய ‘என் கையால் நடந்தது’ என்கிறார்கள். இங்கேயோ ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுகிறார்கள். தம்பி தன் மனைவியையே சந்தேகிக்கிறான். அங்கே உண்மை கடைசிவரை பிடிபடுவதில்லை, இங்கே பிடிபடுகிறது. ஆகவே உத்தி ஜப்பானுடையதாக இருந்தாலும், எலும்புக்கூடு பழைய ஹாலிவுட் மர்மப் படத்தினுடையது. சதையும் ரத்தமும் நம் கூட்டுக்குடும்பத்தினுடையவை. சொத்துப் பங்கும் கடனும் கள்ள உறவும் நாம் அறியாத சங்கதிகளா என்ன?

குறையும் உண்டு. சில இடங்களில் காட்சி சொல்லி முடித்ததை வசனம் மறுபடி சொல்கிறது. காதலி அம்புஜம் ஒரு பாத்திரமாக முழுமை பெறவில்லை. ஆனால் மனைவி உஷாவாக வரும் பண்டரிபாய் இந்தக் குறைகளையெல்லாம் மறக்கடித்துவிடுகிறார். ‘பராசக்தி’யின் நாயகி, ‘மன்னன்’ படத்தில் ரஜினியின் அம்மா என்று நாம் அறிந்த இவர் கன்னட நாட்டுக்காரர். இதே 1954இல் ராஜ்குமாருடன் ‘பேடர கண்ணப்பா’விலும் நடித்தார். நம் பெங்களூர் வீடுகளில் இரண்டு மொழியும் புழங்குவதுபோல அவர் நடிப்பிலும் இரண்டும் இயல்பாகப் புழங்கின.

கொலையாளி யார் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். சாதாரண மர்மப் படம் முடிச்சு அவிழ்ந்ததும் தீர்ந்துவிடும். இதிலோ, ‘யார்’ என்று தெரிந்த பிறகுதான் உண்மையான கேள்வி பிறக்கிறது: கட்டினவனா, கடமையா? விடை தெரிந்தே இரண்டாம் முறை பார்க்கும்போது உஷாவின் ஒவ்வொரு மௌனத்துக்கும் வேறு பொருள் கிடைக்கிறது.

தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் நம் பிள்ளைகளும், ஆங்கிலத் துப்பறியும் தொடர்களை ஒன்றுவிடாமல் பார்க்கிறார்கள். அவர்களோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இதைப் பாருங்கள். பாதியில் நிறுத்தி, “யார்னு நினைக்கிற?” என்று கேளுங்கள். அந்த வாக்குவாதம் தமிழில்தான் நடக்கும்.