மெருகு தின்னும் எஃகு

ஜப்பானிய வாளை அடித்த கொல்லர் தன் பெயரைக் காம்பில் பொறிக்கலாம். தீட்டியவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. பிடியருகே அவர் இழைத்துவிட்டுப் போகும் சில மெல்லிய கோடுகள்தான் அவருடைய கையெழுத்து. ஆனால் அருங்காட்சியகத்தில் நம்மை நிறுத்திவைக்கும் அழகு இந்தத் தொகிஷியின் கைவண்ணம்.

தாழ்ந்த மணையில் உட்கார்ந்து, கல்லைப் பிடித்திருக்கும் கட்டையைக் காலால் அழுத்திக்கொண்டு, கல்மேல் வாளைத் தேய்க்கிறார். முரட்டுக் கல்லில் தொடங்கி, கியோத்தோ மலைப்பக்கத்து உச்சிகுமொரிக் கல்வரை போகிறார். அதன்பிறகு கல்லே விரலுக்கு வந்துவிடும். தாள்போல் சீவி, முதுகில் தாள் ஒட்டிய சில்லைக் கட்டைவிரலுக்கடியில் வைத்து அங்குலம் அங்குலமாகத் தேய்க்கிறார். இது கண்ணாடிப் பளபளப்புக்கான வேலை அல்ல. களிமண் பூசித் தோய்ச்சல் கொடுத்த வாளில் விளிம்பு கடினம், உடல் மென்மை. கல் இரண்டையும் வேறுவேறாகத் தேய்ப்பதால்தான் நடுவே ஓடும் ஹமோன் என்ற அலைக்கோடும், மடித்தடித்த எஃகின் இழையும் வெளிப்படுகின்றன. பஃப் சக்கரத்தில் ஏற்றினால் இரண்டுமே மழுங்கிவிடும்.

எனக்கு உடன்பாடில்லாத இடம் ஹதோரி. 1876-இல் பொது இடத்தில் வாள் அணிவது தடைசெய்யப்பட்டது. பார்வைப்பொருளாகிவிட்ட வாளின் விளிம்பை விரற்கல்லால் வெளுப்பாக்கும் இம்முறை, மெய்ஜி காலத்தில் ஹொனாமி மரபிலிருந்து பரவியது. அந்த வெண்மேகம் ஹமோன் அல்ல. அதைத் தீட்டுபவர் வாசித்த விதம். அசல் கோட்டைக் காண வாளை விளக்குக்கு எதிரே சாய்த்துப் பார்க்க வேண்டும். நிழற்படத்தில் அதற்கு வழியில்லை. புதிதாகப் பார்ப்பவர் வெளுப்பையே ஹமோன் என்று நம்பிவிடுகிறார். பழைய சஷிகொமி முறை, இருப்பதை மட்டும் துலக்கும். ஹதோரியில் தேர்ந்த ஹொனாமி நிஷ்ஷு 1975-இலும், சஷிகொமிக்குப் பெயர்பெற்ற புஜிஷிரோ மட்ஸுவோ 1996-இலும் வாழும் தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்டார்கள். அரசு இரண்டையும் மதித்தது சரிதான். மங்கிய ஹமோனுக்கு ஹதோரி கைகொடுக்கும் என்பதை நானும் மறுக்கவில்லை. தெளிவான ஹமோன்மீதும் வெள்ளை ஏற்றுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

இதைவிடப் பெரிய கவலை தேய்மானம். துரு போக்க ஒவ்வொரு முறை கல்லில் ஏறும்போதும் எஃகு கரைகிறது. பல வாள்களில் கடின எஃகு மேல்தோல் மட்டுமே; உள்ளே மென்மையான இரும்பு. பலமுறை தீட்டிய பழைய வாளில் அந்த உள்ளிரும்பு மங்கலான திட்டாக வெளியே தெரியும். போன தோலை எந்தக் கல்லாலும் திருப்பித் தர முடியாது. நல்ல தொகிஷி துருப்பிடித்த இடத்தை மட்டும் தொட்டு, மற்றதை விட்டுவிடுவார். அவர் காட்டும் அந்த நிதானம் வாங்குபவர் கண்ணில் படுவதில்லை, மெருகுதான் படுகிறது.

ஜப்பானில் வாளுக்குத் தரும் பதிவுச் சான்றிதழில் நீளம், வளைவு, காம்பின் துளைகள், பொறித்த பெயர் எல்லாம் இருக்கின்றன. தீட்டுவதற்கு முன்னும் பின்னும் அளந்த தடிமனும் எடையும் வாளோடு சேர்ந்து போகட்டும். அடுத்த நூற்றாண்டில் அதைக் கையில் வாங்கும் தொகிஷிக்கு, இன்னும் எவ்வளவு தோல் மிச்சமிருக்கிறது என்பது கல்லை எடுக்கும் முன்பே தெரிய வேண்டும்.