ஏழு ஆண்டு எந்த நாளிலிருந்து?

ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் பால்கோவாக் கடை வைத்திருக்கும் என் சித்தியின் போனில் ஒரு ராத்திரி அப்டேட் ஏறிவிட்டது. காலையில் கடை திறந்தால், பணம் வந்ததா என்று பார்க்கும் செயலி திறக்கவே அரை நிமிடம் ஆகிறது. எழுத்தின் அளவு மாறிவிட்டது. அழைப்பை எடுக்கும் பொத்தான் இருந்த இடத்தில் இல்லை. ராஜபாளையத்திலிருந்து நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் ஏழெட்டுப் பேருக்குச் சில்லறை தேடி அலைந்திருக்கிறார். போனை என் கையில் கொடுத்துவிட்டு, "ஏய்யா, நேத்து இருந்த மாதிரியே வேணும்னா ஆகாதா?" என்று கேட்டார். ஆகாது என்றேன்.

பதினைந்து ஆண்டுகளாகப் போன் வாங்குவதும், வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதும் என் ஈடுபாடு. 'எத்தனை வருஷம் அப்டேட் வரும்?' என்று கேட்டு வாங்குங்கள் என்று எல்லோருக்கும் சொல்லிவந்தவன் நான். சித்தியின் கேள்விக்குப் பிறகு, அந்த அறிவுரையையே திரும்ப எடுத்துச் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

2023 அக்டோபரில் கூகுள் தன் பிக்சல் 8 போனுக்கு 7 ஆண்டு அப்டேட் என்று அறிவித்தது. 2024 ஜனவரியில் சாம்சங் கேலக்ஸி எஸ்24 வரிசைக்கு அதே 7 ஆண்டைச் சொன்னது. அந்த ஆண்டு அக்டோபரில் வந்த கேலக்ஸி ஏ16 5ஜி, நடுத்தர வீடுகள் வாங்கும் விலையில், 6 ஆண்டு என்றது. இரண்டு ஆண்டு கிடைத்தாலே பெரிது என்றிருந்த ஆண்ட்ராய்டு உலகில் இது பெரிய மாற்றம். ஆனால் இந்த எண்ணுக்காக நாலாயிரம் ஐயாயிரம் கூடக் கொடுக்கலாமா? கொடுத்தால் கைக்கு வருவது என்ன?

அப்டேட்டின் பக்கம் உள்ள நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2010, 2011-இல் ஆண்ட்ராய்டு 2.2, 2.3 ஓடிய போன்கள் பலவற்றில் தமிழ் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது. ஆப்பரா மினியின் முகவரிப் பட்டையில் ஒரு கட்டளையைத் தட்டி, சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டும்படி அமைப்பை மாற்றினால்தான் ஒரு தமிழ்ச் செய்தியைப் படிக்க முடியும். ராஜபாளையத்தில் அப்போது எத்தனை பேருக்கு இதைச் செய்து கொடுத்திருப்பேன் என்று கணக்கில்லை. ஆண்ட்ராய்டு 4 வந்த பிறகு அந்தக் கட்டங்கள் எழுத்தாயின. 2013-இல் ஐ.ஓ.எஸ். 7 தமிழ் விசைப்பலகையைத் தன்னோடே கொண்டுவந்தது. முத்து நெடுமாறனின் செல்லினம் போன்ற செயலிகளால் தட்டச்சு கைவந்தது. அந்தக் காலத்தில் அடுத்த பதிப்பு என்றால், தாய்மொழி போனுக்குள் வருவது. அதற்காகக் காத்திருந்ததிலும் ஏங்கியதிலும் பொருள் இருந்தது.

அடுத்த கட்டத்தை 2014 என்று சொல்வேன். பிப்ரவரியில் மோட்டோ ஜி 12,499 ரூபாய்க்கு வந்தது. ஜூலையில் ஷாவ்மியின் மி 3 பிளிப்கார்ட்டில் 13,999-க்கு வந்து, கண்ணிமைக்கும் நேரத்தில் விற்றுத் தீர்ந்தது. கடைத்தெருவில் அந்த மாதிரிகள் வந்துசேரும் என்று காத்திராமல், 626117 என்ற எங்கள் ஊர்ப் பின்கோடைப் போட்டு வீட்டு வாசலில் வாங்கலாம் என்பது எங்களைப் போன்றவர்களுக்குப் புதிய சுதந்திரமாக இருந்தது. செப்டம்பரில் ஆண்ட்ராய்டு ஒன் வந்தது. மைக்ரோமேக்ஸ், கார்பன், ஸ்பைஸ் மூன்றும் தயாரித்தன; 6,399 ரூபாயிலிருந்து விலை; அப்டேட் நேராகக் கூகுளிடமிருந்து. ஏழைக்கும் புதுப் பதிப்பு என்ற எண்ணம் உயர்ந்தது. ஆனால் அந்தப் போன்களின் உள் நினைவகம் 4 ஜிபி. அதில் பெரும்பகுதியை இயங்குதளமே பிடித்துக்கொள்ளும். 1 ஜிபி டேட்டா இருநூறு ரூபாய்க்கு மேல் விற்ற நாளில், நூற்றுக்கணக்கான எம்பி அப்டேட்டை யார் இறக்குவார்? ஏர்டெல் சிம் போட்டவர்களுக்கு முதல் 6 மாதம் அப்டேட் டேட்டா இலவசம் என்று அறிவிக்க வேண்டியிருந்ததே இதற்குச் சான்று. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின்தான் டேட்டா என்ற அந்தத் தடை விழுந்தது. அப்டேட் தருகிறோம் என்ற சொல்லை மட்டும் வைத்து ஒரு போனை எடைபோட முடியாது என்பதற்கு ஆண்ட்ராய்டு ஒன் நல்ல பாடம்.

அப்டேட்டால் போன் கெட்டுப்போகும் என்பது எங்கள் பக்கம் பரவலான நம்பிக்கை. அதை அப்படியே ஏற்கவும் முடியாது, ஒதுக்கவும் முடியாது. 2019-இல் என் போன் ஒன்றில் அப்டேட் முடிந்து எழுந்ததும் வைஃபை செத்துப்போயிருந்தது. வாரண்டி முடிந்து மூன்று வாரம். இரண்டரை மணி நேரம் பஸ்ஸில் மதுரைக்குப் போய், சர்வீஸ் சென்டரில் டோக்கன் போட்டு உட்கார்ந்தால், போர்டு மாற்ற வேண்டும் என்று போன் விலையில் பாதியைக் கேட்டார்கள். திரும்பி வந்து, ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் மில் தொழிலாளர்களின் போன்களில் சார்ஜ் ஓட்டையிலிருந்து ஊசியால் பஞ்சு எடுத்துக்கொண்டிருந்த மெக்கானிக்கிடம் கொடுத்தேன். போர்டைச் சூடாக்கிச் சரிசெய்தார். நான்கு மாதம் ஓடியது. அவர் சொன்னது இது: "அண்ணே, அப்டேட்ட மட்டும் குத்தம் சொல்லாதீங்க. ஐ.சி. ஏற்கெனவே விட்டுப்போயிருக்கு. அப்டேட் ஏறுறப்ப போன் நல்லாச் சூடாகும்ல, அந்தச் சூட்டுல முழுசா விட்ருச்சு." அப்டேட்டுக்குப் பின் கெட்டது எல்லாம் அப்டேட்டால் கெட்டது ஆகாது. திரையில் பச்சைக் கோடு விழும் தொல்லையும் இப்படித்தான். அப்டேட் போட்டதும் வந்தது என்று ஏராளமானோர் சொன்னார்கள். ஒன்பிளஸ், சாம்சங் இரண்டும் இந்தியாவில் குறிப்பிட்ட சில மாதிரிகளுக்கு இலவசமாகத் திரை மாற்றித் தர முன்வந்தன. காரணம் அப்டேட்தான் என்று நிறுவப்பட்டதாக அதைக் கொள்ள முடியாது.

ஐயத்துக்கு இடமில்லாத வழக்குகளும் உண்டு. 2021 தொடக்கத்தில் ஆண்ட்ராய்டு 11 அப்டேட் ஏற்றிய ஷாவ்மி மி ஏ3 போன்கள் பல எழுந்திருக்கவே இல்லை. நிறுவனம் அப்டேட்டை நிறுத்தி, சர்வீஸ் சென்டரில் இலவசமாகச் சரிசெய்வதாகச் சொன்னது. ஆப்பிளின் வழக்கு இன்னும் ஆழமானது. 2017 ஜனவரியில் வந்த ஐ.ஓ.எஸ். 10.2.1, பேட்டரி தேய்ந்த ஐபோன் 6, 6எஸ் போன்றவற்றின் வேகத்தைச் சொல்லாமல் குறைத்தது. தேய்ந்த பேட்டரியால் திடீர் மின்தேவையைத் தாங்க முடியாமல் போன் அணைந்துவிடுகிறது, அதைத் தடுக்கத்தான் இது என்று டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. காரணம் உண்மையானது, மறைத்ததுதான் குற்றம். இந்தியாவில் பேட்டரி மாற்றும் கட்டணத்தை 6,500 ரூபாயிலிருந்து 2,000 ஆக்கினார்கள். இரண்டாயிரம் ரூபாய் பேட்டரியில் தீர்கிற குறைக்கு எத்தனை பேர் புதுப் போன் வாங்கியிருப்பார்கள் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

2018 அக்டோபரில் இத்தாலியின் போட்டி ஆணையம் இதே விஷயத்தில் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும், நோட் 4 அப்டேட்டுக்காகச் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் போட்டது. போனை மந்தமாக்கியது அங்கே ஒரு குற்றச்சாட்டு. பழைய நிலைக்குத் திரும்ப வழி வைக்கவில்லை என்பது மற்றொன்று. சித்தி கடையில் கேட்டதும் அதுதான்.

இங்கே அப்டேட் என்ற ஒற்றைச் சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, பதிப்பு மாறுவது: தோற்றம், வசதி, பொத்தான் இருக்கும் இடம். இன்னொன்று, பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பது. 2015-இல் ஸ்டேஜ்பிரைட் என்ற ஓட்டை வெளிவந்தது. ஒரு வீடியோச் செய்தியை அனுப்பியே ஆண்ட்ராய்டு போனுக்குள் புகுந்துவிடலாம் என்ற நிலை. அதன் பிறகுதான் கூகுள் ஆகஸ்டிலிருந்து மாதாமாதம் பாதுகாப்பு அப்டேட் வெளியிடத் தொடங்கியது. இரண்டாவது வகை இல்லாமல் இன்று ஒரு போனைக் கல்லாப்பெட்டியாக வைத்திருக்க முடியாது. பால்கோவாக் கடையில் பணமாக வருவதைவிட க்யூஆர் அட்டையில் வருவது அதிகம். வாட்ஸ்அப்பும் 2023 அக்டோபர் 24-க்குப் பிறகு ஆண்ட்ராய்டு 5-க்குக் கீழே உள்ளவற்றைக் கைவிட்டது. ஆக, அப்டேட்டே வேண்டாம் என்று அணைத்துவைக்கும் ஆலோசனை தவறு. எங்கள் தெருவில் அதைச் சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள், ஆனாலும் தவறு.

இரண்டையும் பிரித்துத் தர முடியாதா? நிறுவனங்கள் முடியாது என்கிற தோரணையில் நடந்துகொள்கின்றன. பழைய பதிப்புக்குத் திரும்ப விட்டால் பழைய ஓட்டைகளும் திரும்பும். திருடன் வேண்டுமென்றே போனைப் பழைய பதிப்புக்கு இறக்கி உள்ளே புகுவான். அதைத் தடுக்கவே ஆண்ட்ராய்டு 8 காலத்திலிருந்து பின்னோக்கிப் போகாதபடி பூட்டு இருக்கிறது. ஆப்பிளும் பழைய பதிப்புகளுக்கு ஒப்புதல் தருவதை நிறுத்திவிடுகிறது. இந்த வாதம் வலுவானது. இதைத் தள்ளிவிட்டு நான் தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஆனால் அதே ஆப்பிளின் நடத்தையே இதற்குப் பதில். 2013-இல் வந்த ஐபோன் 5எஸ், ஐ.ஓ.எஸ். 12-இல் நின்றுவிட்டது. 2023 ஜனவரியிலும் அதற்குப் பாதுகாப்பு அப்டேட் வந்தது, 12.5.7 என்ற எண்ணில். தோற்றம் மாறவில்லை, ஓட்டை அடைபட்டது. 2021-இல் ஐ.ஓ.எஸ். 15 வந்தபோது, 14-லேயே இருந்துகொண்டு பாதுகாப்பு மட்டும் பெறலாம் என்று ஒரு தேர்வைக் கொடுத்தார்கள். 2022 ஜனவரியில் அதை எடுத்துவிட்டார்கள். கொடுத்துப் பார்த்து எடுத்த ஒன்றை, தொழில்நுட்பத்தால் ஆகாத காரியம் என்று சொல்ல இடமில்லை. செலவாகும், ஆள் வேண்டும் என்று சொல்லலாம். அது வேறு வாதம். ஏழு ஆண்டு என்று விளம்பரம் செய்கிறவர் அந்தச் செலவையும் ஏற்றுக்கொள்ளலாம்.

இனி அந்த ஏழு. அது வாங்கிய நாளிலிருந்து ஓடுவதில்லை. மாதிரி உலகில் முதலில் வெளிவந்த நாளிலிருந்து ஓடுகிறது. எங்கள் ஊர்களில் போன் புதிதாக வரும்போது வாங்குவோர் குறைவு. அடுத்த மாதிரி வந்து விலை இறங்கும்வரை காத்திருப்பார்கள், தீபாவளிக்கு வாங்குவார்கள். பிறகு அது அம்மாவுக்குப் போகும், அவரிடமிருந்து ஊரிலிருக்கும் இன்னொருவருக்குப் போகும். என் வீட்டுக் கணக்கையே சொல்கிறேன். 4 ஆண்டு பாதுகாப்பு என்று சொன்ன போன். வெளிவந்து 14 மாதம் கழித்து வாங்கினேன். 2 ஆண்டு வைத்திருந்தேன். அம்மா கைக்குப் போனபோது மிஞ்சியது 10 மாதம். அவர் அதில் மூன்று ஆண்டு பேசினார். வீட்டில் போன் அதிகமாகப் பழகாதவர், மோசடி அழைப்புக்கும் இணைப்புக்கும் எளிதில் ஆட்படக்கூடியவர், அவர் கையில்தான் காவல் இல்லாத போன் இருந்தது. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைப்படுத்திய விதி இந்த இடத்தில்தான் கூர்மையாக இருக்கிறது. ஒரு மாதிரியைச் சந்தைக்கு அனுப்புவதை நிறுத்திய நாளிலிருந்து குறைந்தது 5 ஆண்டு அப்டேட் கிடைக்க வேண்டும் என்கிறது அது. பேட்டரி 800 முறை சார்ஜ் ஏறிய பின்னும் 80 சதவீதக் கொள்ளளவைத் தாங்க வேண்டும் என்றும் சொல்கிறது. தாமதமாக வாங்குபவரையும், அவருக்கு அடுத்து வாங்குபவரையும் நினைத்து எழுதிய விதி. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2024-இல் பழுதுபார்ப்புக் குறியீட்டுக்கு ஒரு குழு அமைத்தது. திருகாணியும் உதிரிபாகமும் மட்டும் அதில் மதிப்பெண் பெற்றால் பாதி வேலைதான். இருந்த பதிப்பிலேயே பாதுகாப்போடு நீடிக்க முடிகிறதா என்பதும் மதிப்பெண் ஆக வேண்டும்.

என் தீர்ப்பு இது. புதுப் பதிப்புகளின் எண்ணிக்கைக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டாம். தமிழ் வந்து சேர்ந்த நாளோடு அதன் பெருமதிப்பு முடிந்தது. பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பணம் கொடுக்கலாம். ஆனால் கடைக்காரர் சொல்லும் ஆண்டிலிருந்து, மாதிரி வெளிவந்து போன மாதங்களைக் கழித்து, வீட்டில் கடைசியாக அதைப் பிடிக்கப்போகிறவர் வரை எண்ணி, அதற்குப் பிறகும் காலம் மிஞ்சினால்தான். அந்தக் கணக்கில் 7 ஆண்டு வாக்குறுதி எங்களுக்கு ஆறுக்கும் கீழே இறங்குகிறது. அப்போதும் அது பழைய இரண்டு ஆண்டைவிட நன்மை, அதை மறுக்கமாட்டேன். பஸ் தூரத்தில் அசல் பேட்டரி கிடைக்காத போனுக்கு 7 என்ன, 10 என்றாலும் வேண்டாம். திரும்பிப் போக வழி வைக்காத வரைக்கும் எந்த நிறுவனத்தின் அப்டேட் வாக்குறுதிக்கும் நான் முழு மதிப்பெண் போடமாட்டேன்.

சித்தியின் போனில் எழுத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தேன். தானாக அப்டேட் ஏறுவதை நிறுத்தி, மாதம் ஒருமுறை நானே வந்து பார்த்துப் போடுவதாகச் சொன்னேன். பேட்டரி வீங்கத் தொடங்கியிருந்தது. ராஜபாளையம் கொண்டுவந்து மாற்றினேன், மந்தம் பெரிதும் குறைந்தது. அந்த மாதிரிக்குப் பாதுகாப்பு அப்டேட் இன்னும் இரண்டு ஆண்டு இருக்கிறது. ஆடிப்பூரத் தேரோட்டத்துக்குள் புதுப் போன் வாங்கிவிட வேண்டும் என்றிருந்தவரிடம், அந்த இரண்டு ஆண்டு முடியும்வரை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அழைப்பு எடுக்கும் பொத்தானைத்தான் பழைய இடத்துக்குக் கொண்டுவர முடியவில்லை.