எண்ணும் மதிப்பும்: எழுவாய் - பயனிலை இயைபு குறித்து

எழுவாய் ஒருமையாயின் வினையும் ஒருமை, பன்மையாயின் பன்மை என்றே ஆங்கில இலக்கணத்தைக் கற்பிக்கின்றோம். எனினும் ஒருவரை விளிக்கும் ‘யூ’ பன்மை வினையையே ஏற்கிறது. மதிப்புக் கருதிய பன்மை பரவியதால், ஒருமைக்குரிய ‘தௌ’ பொதுவழக்கிலிருந்து மறைந்தது. எனவே வினையை ஆள்வது எண் மட்டுமன்று, சமூக உறவுமாகும்.

தமிழில் இது வெளிப்படை. ஒருவரைப் பன்மையாற் கூறுதல் வழக்கில் வந்த உயர்சொல்லேயன்றி இலக்கண நெறியன்று எனத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் வேறுபடுத்தினார். பின்வந்தோர் அதனை வழுவமைதியாக ஏற்றனர். அவ்வமைதி எவர்க்கு உரியது, எவர்க்கு மறுக்கப்பட்டது என்னும் வினாவை மரபிலக்கணம் எழுப்பவில்லை.

இலக்கண அறிஞர் அ. குமாரசுவாமிப் புலவரின் (1854-1922) ஊரான சுன்னாகத்தை உள்ளடக்கிய யாழ்ப்பாணச் சமூகத்தில் ‘நீ’, ‘நீர்’, ‘நீங்கள்’ என்ற படிநிலை வயதை மட்டுமன்றிச் சாதியையும் அளந்தது. ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த முதியவர் ‘வந்தார்’ எனப்படாது ‘வந்தான்’ எனப்பட்டார். 1966 ஒக்டோபர் 21 அன்று தீண்டாமைக்கெதிரான ஊர்வலம் சுன்னாகத்திலிருந்தே யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்டது. ‘ஆர்’ விகுதி எவரைச் சேரும் என்பதை நூற்பா மட்டும் தீர்மானிப்பதில்லை. மக்களின் போராட்டமும் தீர்மானிக்கிறது. இலக்கண ஆய்வு இதனையும் கணக்கிற்கொள்ளல் வேண்டும்.