அகராதியில் 'இன்றும்' என்ற சொல்

அகராதி தயாரிப்பவனை நாம் விமர்சகனாகக் கருதுவதில்லை. அவன் கிடங்குக் கணக்கப்பிள்ளை. சரக்கு வேறு யாருடையதோ. கிரேக்க மொழியறிஞர் எம்மானுயில் கிரியராஸ் (1906–2014) விஷயத்தில் இந்த எண்ணம் நிற்காது. கிரேக்க இலக்கியத்தின் மீது அவர் கொண்ட தீர்ப்பு அவருடைய அகராதியின் தலைப்பிலேயே இருக்கிறது: 'மத்தியகாலக் கிரேக்க மக்கள்மொழி இலக்கிய அகராதி, 1100–1669'.

இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் அர்த்தம் உண்டு. 12ஆம் நூற்றாண்டில்தான் தெருக் கிரேக்கம் கவிதையாக ஏட்டில் ஏறுகிறது. படித்துப் பட்டினி கிடக்கும் ஒருவன், பக்கத்து வீட்டுத் தொழிலாளி வயிறாரத் தின்பதைப் பார்த்துத் தன் கல்வியைச் சபிக்கும் ப்தொஹோப்ரொத்ரொமொஸ் கவிதைகள் அக்காலத்தவை. 1669இல் கிரீட் தீவின் காண்டியா நகரம் துருக்கியர் வசமாயிற்று; 'எரோத்தோகிரித்தோஸ்' என்ற நெடுங்காவியத்தைத் தந்த கிரீட் இலக்கியம் அத்துடன் முடிந்தது. இவ்விரண்டுக்கும் நடுவே கிடப்பது இலக்கியமா, சிதைந்த மொழியின் குப்பையா? கேள்வி இதுதான்.

'கத்தரேவூசா' என்னும் தூய மொழியின் கட்சி, குப்பை என்றது. பழங்கிரேக்கத்துக்கும் நிகழ்காலத்துக்கும் இடையில் அது கண்டது வெனிஸ் சொற்களும் துருக்கிச் சொற்களும் படிந்த அழுக்கை மட்டுமே. எதிர்க்கட்சியினர் மக்கள் மொழியான 'திமொதிகி'யின் பக்கம் நின்றார்கள். இது பண்டிதர் சண்டையாக மட்டும் இருந்துவிடவில்லை. 1901இல் சுவிசேஷத்தை மக்கள் மொழியில் பெயர்த்து ஒரு பத்திரிகை வெளியிட்டதற்காக ஏதென்ஸில் கலவரம் மூண்டு எட்டுப் பேர் மாண்டார்கள். 1941–42 குளிர்காலத்தில், நகரம் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தபோது, ஏதென்ஸ் பல்கலைக்கழகம் யொவான்னிஸ் காக்ரிதிஸ் என்ற பேராசிரியரை எழுத்தின்மேல் உச்சரிப்புக் குறிகளைக் குறைத்து அச்சிட்டதற்காக விசாரித்துக்கொண்டிருந்தது.

இந்தச் சண்டையில் கிரியராஸ் மக்கள் மொழியின் ஆள். அக்கட்சியின் முன்னோடி ப்ஸிஹாரிஸைப் பற்றி 1959இல் நூலே எழுதினார். ஆனால் பிரகடனங்களால் சாதிக்க முடியாததை அவர் சான்றுகளால் சாதித்தார். ஏதென்ஸ் அகாதமியின் மத்தியகால ஆவணப் பிரிவில் 1930 முதல் இருபது ஆண்டுகள். பிறகு தெசலோனிக்கிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1968இல் ராணுவ ஆட்சி அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. அகராதியின் முதல் தொகுதியும் அதே ஆண்டைச் சேர்ந்தது. கத்தரேவூசாவை மீண்டும் பள்ளிகளில் திணித்துக்கொண்டிருந்த ஓர் ஆட்சியின் கீழ் அது வெளிவந்தது.

அதன் பக்கங்களில் கோபம் எதுவும் இல்லை. ஒரு சொல், அதன் வேறு வடிவங்கள், பிறப்பு, பொருள்கள், ஒவ்வொரு பொருளுக்கும் காவியத்திலிருந்தோ நாடகத்திலிருந்தோ வரிகள். ஹோமரின் சொல்லுக்கு மட்டுமே கிடைத்துவந்த மரியாதை, பிச்சைக்காரக் கவிஞனின் சொல்லுக்கும் இடையனின் சொல்லுக்கும் கிடைக்கிறது. பல பதிவுகளில் ஒரு சிறு குறிப்பைப் பார்க்கலாம்: இச்சொல் 'இன்றும்' உண்டு என்பதற்கான சுருக்கம். என் வாசிப்பில், தூய மொழிக்காரர்களுக்கு எதிராக எழுதப்பட்ட மிகக் கூர்மையான சொல் இதுவே. எட்டு நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஒன்றை இன்றைக்கும் ஒரு கிழவி வாசற்படியில் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்றால், அறுந்துபோன மரபு எது, அறாத மரபு எது?

இந்த கிரியராஸ் ஒருவர். இன்னொருவரும் உண்டு. ராணுவ ஆட்சி விழுந்து, 1976இல் மக்கள் மொழி அரசு மொழியானது. 1982இல் பழைய குறிகள் நீங்கி ஒற்றைக் குறி முறை சட்டமானதில் அவருக்குப் பெரும் பங்கு. ஒலிபரப்பிலும் பத்திரிகையிலும், இப்படிச் சொல், அப்படிச் சொல்லாதே என்று அவர் மொழிக்குறிப்புகள் வழங்கினார். வென்ற மொழிக்கு இலக்கண வாத்தியார் தேவைப்பட்டிருக்கலாம். எனினும் ஒரு சங்கடம் இருக்கிறது. மக்கள் மொழிக்கும் ஒரு தூய வடிவம் உருவாகி, அதிலும் தவறுகள் திருத்தப்படத் தொடங்கும்போது, கத்தரேவூசாவின் மனோபாவம் வேறு வாசல் வழியாக உள்ளே வருகிறது. மக்கள் மொழியிலேயே எழுதிய கவிஞர் எலிட்டிஸ் பழைய குறிகளைக் கைவிட மறுத்தார். அதைப் பிற்போக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. எது செத்தது என்று சட்டம் சொல்ல வேண்டியதில்லை என்பது கவிஞனின் நிலை. விசித்திரம் என்னவென்றால், அந்த அகராதியின் நிலையும் அதுதான். அது எதையும் விலக்கவில்லை, திருத்தவில்லை. சாட்சியை மட்டும் கேட்டது. குறிப்புகள் எழுதிய கிரியராஸைவிட அகராதி செய்த கிரியராஸ் பெரியவர் என்பதற்கு இதுவே காரணம்.

தனி ஒருவரின் ஆயுளுக்கு அது அடங்கும் வேலையல்ல. 107 வயது வாழ்ந்தும் அடங்கவில்லை. 1997க்குள் பதினான்கு தொகுதிகளை முடித்துவிட்டு, மீதியை தெசலோனிக்கியில் உள்ள கிரேக்க மொழி மையத்திடம் விட்டார். பதினான்காம் தொகுதி நின்ற சொல் 'பராதிகி'. பிறர் நம்பி ஒப்படைத்த அடைக்கலப் பொருள் என்று அதற்கு அர்த்தம். அகரவரிசையின் தற்செயல்தான், இதில் தத்துவம் தேட வேண்டாம். ஆனால் மொழியைத் தன் சொத்தாக நினைப்பவனுக்கும், பிறர் தன்னிடம் விட்டுவைத்த பொருளாக நினைப்பவனுக்கும் உள்ள வித்தியாசம் தற்செயல் அல்ல. அந்தப் பதினான்கு தொகுதிகளும் இரண்டாமவன் செய்தவை.